திரையின் அடியில் ஓடும் எழுத்து

திண்டுக்கல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை மலைக்கோட்டையும் பூட்டும் ஆகும். நாகல் நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கைவேலையாகச் செய்யப்படும் இப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் தத்துவம் எளிது. பெட்டிக்குள் பொருள் இருக்கிறது. சாவி உள்ளவருக்கு அது கிட்டும், மற்றவருக்குக் கிட்டாது.

தொலைக்காட்சியின் வரலாற்றிலும் இப்படி ஒரு பூட்டு உண்டு. படத்துடன் எழுத்தும் சேர்ந்து வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொத்தானை அழுத்தினால் பேசப்படும் சொற்கள் திரையின் அடியில் வரிகளாகத் தோன்றுகின்றன. இதற்கு 'குளோஸ்டு கேப்ஷன்', அதாவது மூடிவைத்த வரி என்று பெயர். வேற்று மொழிப் படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரியைச் 'சப்டைட்டில்' என்கிறோம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் நோக்கத்தில் வேறுபட்டவை. சப்டைட்டில், மொழி தெரியாதவருக்காக எழுதப்படுவது. கேப்ஷன், ஒலியே கேட்காதவருக்காக எழுதப்படுவது. ஆகவே அதில் வசனத்துடன் 'கதவு தட்டும் ஓசை', 'தொலைவில் ரயில் ஊதுகிறது' போன்ற குறிப்புகளும் இடம்பெறும்.

இவ்வெழுத்து யாருக்குத் தேவை? திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரே தெருவில் மூவரை நினைத்துப் பார்ப்போம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா இளைஞர் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது. பிறவியிலேயே காது கேளாத பள்ளி மாணவி ஒருத்தி; தமிழ் படிப்பாள், ஆனால் கேட்க இயலாது. தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பாட்டி ஒருவர். தமிழ் பேசுவார், கேட்பார், ஆனால் கற்ற எழுத்து கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. திரையின் அடியில் ஓடும் ஒரு வரி இம்மூவருக்கும் மூன்று விதமாகப் பயன்படும். அந்த வரி எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, நம் மொழிக்கு எந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மௌனப் பட நாட்கள்

சினிமா முதலில் பேசவில்லை. கதையைப் புரியவைக்கக் காட்சிகளுக்கு இடையில் எழுத்து அட்டைகள் காட்டப்பட்டன. கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் எழுதி, அதைப் படம்பிடித்து, பிலிம் சுருளில் வெட்டி ஒட்டுவார்கள். 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' இம்முறையைக் கையாண்ட தொடக்ககாலப் படங்களுள் ஒன்று.

தென்னாட்டின் முதல் கதைப் படம் எனப்படும் 'கீசக வதம்' சென்னையில் 1917-18 வாக்கில் உருவாயிற்று. அதை எடுத்தவர் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றுவந்த ஆர். நடராஜ முதலியார். அப்படத்தில் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் எழுத்து அட்டைகள் இருந்தன. படம் அழிந்துபோயிற்று, ஆனால் ஒரே படத்தைப் பல மொழியினர் பார்க்க எழுத்தே வழி என்பதை நம்மவர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

ஆயினும் கூடாரக் கொட்டகையில் மணலில் அமர்ந்திருந்தவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே. ஆகவே திரைக்கு அருகில் ஒருவர் நின்று, அட்டையில் உள்ளதை உரக்கப் படித்து, கதையையும் விளக்குவார். தென்னிந்தியக் கொட்டகைகளில் இவ்வழக்கம் இருந்ததைத் தியடோர் பாஸ்கரன் தம் ஆய்வுகளில் பதிவு செய்துள்ளார். எழுத்தை ஒலியாக மாற்ற அன்று ஒரு மனிதர் தேவைப்பட்டார். இன்றோ ஒலியை எழுத்தாக மாற்ற வேண்டியிருக்கிறது.

ஒலி வந்தது, எழுத்து போயிற்று

1927இல் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. 1931 அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ் திரையில் ஒலித்தது. உலகமே மகிழ்ந்த இந்த மாற்றத்தில் ஒரு கூட்டத்தார் மட்டும் வெளியே தள்ளப்பட்டனர். மௌனப் படத்தின் முன் காது கேட்பவரும் கேளாதவரும் சமம். பேசும் படம் வந்ததும் எழுத்து அட்டை மறைந்தது. காது கேளாதவருக்குத் திரையில் எஞ்சியது வாயசைவு மட்டுமே.

எமர்சன் ரொமெரோ என்பவரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. கியூபாவில் பிறந்த இவர் காது கேளாதவர். அமெரிக்க மௌனப் படங்களில் நடித்தவர். பேசும் படம் வந்ததும் நடிப்புத் தொழிலை இழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. 1947இல் பழைய பேசும் படங்களை வாங்கி, காட்சிகளுக்கு இடையில் எழுத்து அட்டைகளை வெட்டி ஒட்டி, காது கேளாதோர் மன்றங்களுக்கு வாடகைக்கு அனுப்பினார். படம் அடிக்கடி தடைப்பட்டது, ஒலியும் கெட்டது. ஆயினும் அவர் எழுப்பிய தேவை உண்மையானது. 1958இல் காது கேளாதோருக்கு வரிகளுடன் படங்களை வழங்க அமெரிக்க அரசே சட்டம் இயற்றிற்று.

பிலிமில் பொறித்த எழுத்து

மொழி தெரியாதவருக்கான சப்டைட்டில் இதற்கு முன்பே வளரத் தொடங்கியிருந்தது. 1929 ஜனவரியில் பாரிஸில் 'தி ஜாஸ் சிங்கர்' பிரெஞ்சு வரிகளுடன் காட்டப்பட்டது. படத்தின் மேலேயே எழுத்தைப் பதிக்கும் வழிகள் அதன் பின்னர் பெருகின. 1932இல் புடாபெஸ்டிலும் ஆஸ்லோவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரசாயன முறை உருவாயிற்று.

அதன் செய்முறை சுவையானது. பிலிமின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு தரப்படும். வசனத்தை மிகச் சிறிய அச்செழுத்துகளாக உலோகத் தகட்டில் உருவாக்கிச் சூடேற்றி, ஒவ்வொரு சட்டத்தின் மேலும் அழுத்துவர். எழுத்துப் பட்ட இடத்தில் மெழுகு உருகி விலகும். பின்னர் வெளுக்கும் திரவத்தில் பிலிமை அமிழ்த்தினால், மெழுகு விலகிய இடத்தில் மட்டும் படப் பூச்சு கரைந்துபோகும். ஒளி அவ்வழியே தடையின்றிப் பாய்வதால் திரையில் வெள்ளை எழுத்து தெரியும். ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள். ஒரு வரி மூன்று வினாடி நிற்க வேண்டுமெனில் 72 சட்டங்களில் அதே எழுத்தைப் பொறிக்க வேண்டும். 1988இல் பிரான்சில் லேசர் கதிரால் எழுத்தை எரித்துப் பதிக்கும் முறை வந்தது. 1998இல் டோக்கியோ மக்கள் 'முத்து' படத்தைப் பல வாரங்கள் ஓடவைத்தபோது, தமிழ் வசனத்தை அவர்களிடம் கொண்டுசேர்த்தவை அடியில் ஓடிய ஜப்பானிய எழுத்துகளே.

இம்முறைகள் அனைத்திலும் ஒரு குறை இருந்தது. பொறித்த எழுத்தை நீக்க இயலாது, திருத்தவும் இயலாது. யாருக்காக எந்த மொழியில் எழுத்து என்பதைப் பிரதி எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். எழுத்தைப் படத்திலிருந்து பிரிக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

இருபத்தொன்றாம் கோடு

விடை தொலைக்காட்சியில் கிடைத்தது. பழைய தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை திரையில் கோடு கோடாக ஓடிப் படத்தை வரைந்தது. அமெரிக்க முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். கற்றை கீழ்க்கோடி சேர்ந்து மீண்டும் மேலே திரும்பும் சிறு இடைவேளையில் சில கோடுகள் படமின்றிக் காலியாகக் கழிந்தன. இந்த இடைவேளையில் துல்லியமான நேரக் குறிப்பை அனுப்பலாமா என்று அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் சோதித்துக்கொண்டிருந்தது. நேரத்தை அனுப்பும் திட்டம் வெற்றி பெறவில்லை. ஆனால் நேரத்தை அனுப்பலாமெனில் எழுத்தையும் அனுப்பலாம் அல்லவா? 1972 பிப்ரவரியில், காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் இம்முறை செய்துகாட்டப்பட்டது. 1976இல் இருபத்தொன்றாம் கோடு இதற்கென ஒதுக்கப்பட்டது. 1980 மார்ச் 16ஆம் நாள் முறையான ஒளிபரப்புத் தொடங்கியது.

ஒவ்வொரு படத்துடனும் இரண்டு எழுத்துகள் வீதம், வினாடிக்கு 60 எழுத்துகள் வரை இக்கோட்டில் செல்லும். சாதாரணத் தொலைக்காட்சிக்கு இது தெரியாது. சுமார் 250 டாலர் விலையுள்ள தனிப்பெட்டி ஒன்றை வாங்கி இணைத்தவருக்கு மட்டும் எழுத்து தெரிந்தது. நம் உவமையில் சொன்னால், பூட்டு எல்லா வீட்டுக்கும் இலவசமாக வந்தது. சாவி விலைக்கு விற்கப்பட்டது. விலை மிகுதி, விற்பனை குறைவு. விற்பனை குறைவாக இருந்ததால் வரிகளுடன் வந்த நிகழ்ச்சிகளும் குறைவு. இந்தச் சுழலை உடைத்தது 1990ஆம் ஆண்டுச் சட்டம். 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் சாவியை உள்ளேயே வைத்து விற்க வேண்டும் என்று அது விதித்தது. அதன் பின்னர் இரைச்சல் மிகுந்த உணவு விடுதியிலும், ஆங்கிலம் கற்கும் குடியேறியவர் வீட்டிலும் அதே வரிகள் பயன்பட்டன. காது கேளாதவருக்கென அமைத்த வசதி எல்லாருக்கும் உதவிற்று.

நம் நாட்டில்

இந்தியத் தொலைக்காட்சியில் இந்தப் பூட்டு-சாவி முறை வேரூன்றவில்லை. நமக்குக் கிடைத்தவை எல்லாரும் காணும் திறந்த வரிகளே. எண்பதுகளில் ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களை ஆங்கில வரிகளுடன் காட்டிற்று. காது கேளாதோருக்கான வாரச் செய்தி 1987இல் தொடங்கியது.

ஆனால் உலகம் திரும்பிப் பார்த்த ஒரு சோதனை இந்தியாவில்தான் நடந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, 1996 முதல் ஓர் எளிய யோசனையை முன்வைத்தார். இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே, குஜராத்திப் பாட்டுக்குக் குஜராத்தியிலேயே வரி போட்டால் என்ன? பாட்டின் சொற்கள் மக்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். பாடும் சொல் நிறம் மாறிக் காட்டப்படும்போது, காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் எழுத்தும் தாமே பொருந்திக்கொள்ளும். 1999இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியிலும், 2002 முதல் நாடு முழுவதும் காணும் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் இது நடைமுறைக்கு வந்தது. பின்னர்த் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கும் விரிந்தது. எழுத்துத் தடுமாறுபவர்களின் கண்ணும் திரையில் வரி தோன்றினால் தானாகவே அதை நாடுகிறது என்பதைக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டின.

வெள்ளிக்கிழமை மாலைகளில் 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிய நாட்களை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அப்பாடல்களின் அடியில் தமிழ் எழுத்து ஓடியிருந்தால், எத்தனை பேர் புத்தகமில்லாமலே வாரந்தோறும் படித்திருப்பர்! 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி திண்டுக்கல் மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் சுமார் 76 சதவீதம். எழுத்து கற்பது ஒரு படி. கற்றதை மறவாமல் காப்பது மற்றொரு படி. பழகாத பூட்டுத் துருப்பிடிப்பதுபோல, படிக்காத எழுத்தும் மறந்துபோகும்.

கணிப்பொறிக்கு வந்த வரி

எழுத்து முழுமையாகப் படத்திலிருந்து பிரிந்தது கணிப்பொறியில்தான். 1996இல் வந்த டி.வி.டி. தட்டில் 32 மொழிகள் வரை வரிகளைச் சேர்க்க இடம் இருந்தது. ஆனால் அவை எழுத்தாகச் சேமிக்கப்படவில்லை. எழுத்தின் படமாகச் சேமிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'சப்ரிப்' என்ற மென்பொருள், அப்படங்களை அடையாளம் கண்டு எழுத்தாக மாற்றி, வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தது. அக்கோப்பின் அமைப்பே எஸ்.ஆர்.டி. என்ற பெயரில் உலகெங்கும் பரவிற்று. அதன் எளிமையைப் பாருங்கள்:

1
00:01:12,400 --> 00:01:15,200
[தொலைவில் ஹாரன் ஒலி]
திண்டுக்கல் பஸ் போயிருச்சா அண்ணே?

2
00:01:15,800 --> 00:01:18,000
இப்பத்தான் தம்பி போச்சு.

முதலில் வரிசை எண். அடுத்து, வரி தோன்றும் நேரமும் மறையும் நேரமும்: மணி, நிமிடம், வினாடி, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் கீழே வசனம். ஒரு வரி விட்டு அடுத்தது. அவ்வளவுதான். பிலிமில் மெழுகு உருக்கிச் செய்த வேலையை இன்று நான்கு வரித் தட்டச்சு செய்துவிடுகிறது.

இதற்கான மென்பொருள்களுள் 'சப்டைட்டில் எடிட்', 'ஏஜிசப்' ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. திரையில் ஒருபுறம் படமும், கீழே ஒலியின் அலை வடிவமும் தெரியும். பேச்சு தொடங்கும் இடத்தில் அலை உயரும்; நிற்கும் இடத்தில் படுத்துவிடும். அதைப் பார்த்துத் தொடக்கமும் முடிவும் குறித்து, கேட்டதை எழுத வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். நிறைந்த இரு வரிகளைப் படிக்கச் சுமார் ஆறு வினாடி தர வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய விதி. கோப்புக்குப் படத்தின் பெயரையே இட்டு, அதே இடத்தில் வைத்தால், வி.எல்.சி. போன்ற இயக்கிகள் தாமே வரியைக் காட்டும். காட்டவும் மறைக்கவும் பார்ப்பவருக்கு உரிமை உண்டு. பூட்டும் சாவியும் ஒருவர் கையிலேயே வந்துவிட்டன. வரியைப் படத்துடன் நிரந்தரமாக ஒட்டிவிடவும் இம்மென்பொருள்களுடன் வழி உண்டு. ஆனால் அது மீண்டும் பிலிம் காலத்துக்கே திரும்புவதாகும். பிழை கண்டால் திருத்த இயலாது.

தமிழுக்குரிய சிக்கல்கள்

இருபத்தொன்றாம் கோட்டில் ஓர் எழுத்துக்கு ஏழு துண்டுச் செய்தி மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதாவது அதிகம் போனால் 128 குறிகள். 247 எழுத்துள்ள தமிழுக்கு அதில் இடமில்லை. 1991இல் வெளியான யூனிகோட் குறியீட்டு முறையில் தமிழ் இடம்பெற்ற பிறகே இத்தடை நீங்கிற்று. இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துச் சேமித்தால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே ஓடும். யூனிகோடில் எழுதி, யு.டி.எப்.-8 என்ற வகையில் சேமிக்க வேண்டும்.

மற்றொரு சிக்கல் நீளம் பற்றியது. பல மென்பொருள்கள் ஒரு வரிக்கு 42 குறிகளுக்கு மேல் போனால் எச்சரிக்கும். இது ஆங்கிலத்தை மனத்தில் கொண்ட அளவு. 'திண்டுக்கல்' என்ற சொல்லில் நம் கணக்கில் ஆறு எழுத்துகள்: தி, ண், டு, க், க, ல். கணிப்பொறியோ மெய்யையும் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி 11 என்னும். ஆகவே தமிழில் எண்ணிக்கையை நம்பாமல், வரி திரையில் அடங்குகிறதா, வாய்விட்டுப் படித்தால் நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்ப்பதே நலம்.

மூன்றாவது சிக்கல் நம் மொழியின் இரட்டை வழக்கு. நடிகர் "வந்துக்கிட்டு இருக்கேன்" என்கிறார். வரியில் அப்படியே எழுதுவதா, "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுவதா? எழுத்துப் பழகும் பாட்டிக்கு, காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் பயிற்சியே நடவாது. காது கேளாத மாணவியோ பெரும்பாலும் பாடநூல் வழியாகத் தமிழ் கற்றவள். பேச்சு வழக்கு அவளுக்கு அன்னியமாகத் தோன்றலாம். ஆனால் அதை என்றுமே காட்டாவிட்டால், தன் ஊர் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவள் எங்கே அறிவாள்? பாத்திரத்தின் பேச்சை அப்படியே எழுதி, பாடக் காணொளிகளுக்கு மட்டும் எழுத்து நடையைக் கையாள்வது நடைமுறைக்கு உகந்த வழி எனலாம்.

இயந்திரம் கேட்டு எழுதுமா?

2009இல் யூடியூப் தளம், பேச்சைத் தானே கேட்டு ஆங்கில வரி எழுதும் வசதியை அறிமுகப்படுத்திற்று. அம்முயற்சியில் முன்நின்ற பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2022இல் வெளியான 'விஸ்பர்' என்ற மென்பொருள் தமிழையும் கேட்டு எழுதுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4பாரத்' ஆய்வுக் குழுவும் இந்திய மொழிகளுக்கு இத்துறையில் உழைத்துவருகிறது. தெளிவாக ஒருவர் பேசினால் இயந்திரம் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். வட்டார வழக்கு, ஊர்ப்பெயர், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது, பின்னணியில் மேளம் ஆகியவை வந்தால் தடுமாறும். ஆகவே இயந்திரம் எழுதியதை மனிதர் ஒருமுறை படித்துத் திருத்துவது இன்றியமையாதது. முழுவதையும் கையால் எழுதுவதைவிட இது மிகக் குறைந்த உழைப்பு.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊடகங்கள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. தொலைக்காட்சிக்கு 2019இலும், திரையரங்குகளுக்கு 2024இலும் மத்திய அரசு தனித்தனி அளவுகோல்களை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவிக்குறை உள்ளோர் சுமார் 50 இலட்சம்.

ஆயினும் நடப்பைப் பாருங்கள். தமிழ்ப் படத்துக்கு ஆங்கில வரி எளிதில் கிடைக்கிறது. ஏனெனில் வெளிநாட்டுச் சந்தை அதைக் கேட்கிறது. தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் வரிதான் அரிது. 'தமிழருக்குத் தமிழ் வரி எதற்கு?' என்று கேட்பவர்கள், நம் தெருவின் அந்த மாணவியையும் பாட்டியையும் கணக்கில் எடுப்பதில்லை. ஒடிசா இளைஞருக்குக்கூட, கேட்கும் சொல்லை எழுத்தில் காண்பது தமிழ் கற்க வழியாகும்.

இவ்வளவு காலமும் எழுத்தைச் சேர்க்க ஆய்வுக்கூடமோ ஒளிபரப்பு நிலையமோ தேவைப்பட்டது. இன்று பள்ளிக் கணிப்பொறி அறை போதும். பத்து நிமிடப் பாடக் காணொளி ஒன்றுக்கு வரி எழுத, பழகாத மாணவருக்கு ஓரிரு மணி நேரம் ஆகலாம். ஒருமுறை எழுதிவிட்டால், அதே கோப்பு எத்தனை ஆயிரம் பேருக்கும் பயன்படும். மாணவ நண்பர்களே, உங்கள் ஆசிரியர் பதிவு செய்த ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழ் வரி எழுதிப் பாருங்கள். பின்னர் ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு அதைப் பாருங்கள். பாடம் புரிந்தால் உங்கள் வேலை சரி. புரியாவிட்டால் எந்த இடத்தில் வரி தவறியது என்று கண்டு, அங்கே திருத்துங்கள்.